செங் அடுக்குமாடிக்கு ஐந்து கையெழுத்து குறைந்தது

நடந்தது வரிசையாக:

1. தொகுதி எல்லைகளின் வரைவு வரைபடம் பொதுப் பார்வைக்கு வந்தது. செங் என்ற ஊரின் அடுக்குமாடி வீடுகள் இருந்த சட்டமன்றத் தொகுதியில் வாக்காளர்கள் மிக அதிகம். தோட்டங்கள் நிறைந்த பக்கத்துத் தொகுதியில் மிகக் குறைவு. இரண்டுக்கும் தலா ஒரு பிரதிநிதிதான்.
2. ஆட்சேப மனுவுக்கு வரைபடம் தயாரிக்கும் வேலையை அடுக்குமாடிக் குடியிருப்பாளர் சங்கம் எங்கள் அலுவலகத்திடம் கொடுத்தது. நான் அங்கே கணினியில் வரைபடம் தயாரிக்கும் ஜி.ஐ.எஸ். டெக்னீஷியன்.
3. மனு விசாரணைக்குப் போக அந்தத் தொகுதி வாக்காளர்கள் நூறு பேர் கையெழுத்திட வேண்டும். நூற்று நான்கு வந்தது.
4. கடைசி நாளுக்கு முந்தின நாள், கையெழுத்திட்டவர்களின் ஐ.சி. (அடையாள அட்டை) எண்களை வாக்காளர் பட்டியலோடு சரிபார்த்தேன். ஒன்பது பேருக்கு அங்கே ஓட்டு இல்லை.

மீதி தொண்ணூற்றைந்து. ஒன்பது பேரின் ஓட்டும் அந்தப் பக்கத்துத் தொகுதியில், அலோர் காஜா பக்கம் ஒரே தோட்டத்து முகவரியில் இருந்தது. சாட்டிலைட் படத்தில் அங்கே ஒரு கூரைகூட இல்லை, செம்பனை மரங்கள்தான்.

கையெழுத்து வாங்கியவர் சரோஜா அக்கா. அதே அடுக்குமாடியில் குடியிருப்பவர், தொழிற்சாலையில் சூப்பர்வைசர், ஒன்பதில் ஒருவர். போன் செய்தேன்.

“அக்கா, உங்க ஓட்டே இங்க இல்ல.”

“தெரியும்லா. ஐ.சி.ல அட்ரஸ் மாத்தல. இங்க குடியிருந்தா சைன் போடலாம்னு நெனச்சேன்.”

“ஏன்?”

“தோட்டத்து லயத்து வீடுங்கள இடிச்சாச்சு, கோயிலயும் எடுத்துட்டாங்க. ஓட்டுப் போடுற அன்னிக்குத்தான் தோட்டத்து ஆளுங்க எல்லாம் ஸ்கூல்ல ஒண்ணா சேர்றோம். அதையும் விடச் சொல்றியா?”

“இங்க ஓட்டு இல்லாம, லிஃப்ட் ஓடலன்னா யார்கிட்ட கேப்பீங்க?”

“உன்கிட்டதான். நல்லா பேசுறியே.”

என் மேலதிகாரி அந்தோணி சார் பட்டியலைப் பார்த்தார். “பேனாவக் குடுக்கறதுக்கு முன்னாடி ஓட்டு எங்கன்னு பாத்திருக்கணும்மா,” என்றார். பிறகு கார் சாவியைக் கொடுத்தார்.

ஷிஃப்ட் முடியும் நேரத்தில் நானும் அக்காவும் தொழிற்சாலை கேட்டில் நின்றோம். அக்கா தன் அடுக்குமாடி ஆட்களை நிறுத்தினார். ஒவ்வொருவருக்கும் ஓட்டு எங்கே என்று நான் முதலில் போனில் பார்த்தேன். ஒருவர் கேட்டார்: “சைன் போட்டா லிஃப்ட் ரிப்பேர் ஆயிருமா?”

“ஆகாது அண்ணே.”

“நீ பொய் சொல்லல. பேனாவக் குடு.”

பதினொரு பேரை நிறுத்தியதில் ஆறு பேர் தேறினார்கள். மொத்தம் நூற்றொன்று.

நான் கற்றது: எல்லை வரைகிறவர்கள் எண்ணுவது வாக்காளர் பட்டியலை. நெரிசலான இடத்தில் வாழ்ந்துகொண்டு காலியான இடத்தில் பெயரை வைத்திருந்தால், இரண்டு தொகுதிக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் எந்த அட்டவணையிலும் வராது. என் அட்டவணையிலும் வரவில்லை.

மனு விசாரணைக்கு ஏற்கப்பட்டது. விசாரணை முடிந்தது. முடிவு இன்னும் வரவில்லை. சரோஜா அக்காவின் ஓட்டு தோட்டத்தில்தான் இருக்கிறது.