அமாவாசைக்குள் சீறல் நிற்கும்

நேற்று பாண்டி பஜாரில் செருப்பு வாங்கப் போன இடத்தில் ஒரு பன்னீர் சோடா வாங்கினேன். திறந்தால் சத்தமே இல்லை. கடைக்காரரிடம் சொல்லக் கூச்சப்பட்டுக் குடித்துவிட்டேன். வாசம் மட்டும் அப்படியே இருந்தது. அது போதாதா, மயிலாப்பூரில் மூடி போட்ட காலம் ஓடி வர?

சிரிக்காதீர்கள், அப்போது அதுதான் என் வேலை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த சின்ன சோடா கம்பெனியில் சேர்ந்தேன். கேஸ் ஏறிய பாட்டிலுக்கு மூடி வைத்து இறுக்க வேண்டும். எத்தனை முறை கை கழுவினாலும் விரலில் பன்னீர் மணக்கும். ரசம் சாதத்துக்கு அது கொஞ்சமும் சேராது.

ஒரு கோடையில் முதலாளி அண்ணாச்சி தடித்த பிளாஸ்டிக் பாட்டிலை விட்டு மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாறினார். பிறகு அடையாறு கடைகளிலிருந்து சரக்கு திரும்பி வர ஆரம்பித்தது. எல்லாம் கேஸ் போன சோடா. வண்டி ஓட்டும் காசி என்னைப் பிடித்துக்கொண்டான். "இன்னாக்கா, மூடி போட்டியா, தொட்டுக் கும்பிட்டு வுட்டியா?"

அண்ணாச்சி அதிகம் பேசவில்லை. "நீ இனிமே பாட்டில் அலசும்மா. மூடிக்கு வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்றேன். அதுவே எனக்குப் பெரிய பேச்சு.

புதிதாக மூடிய மெல்லிய பாட்டில் ஒன்றைத் தண்ணீரில் தலைகீழாக அமுக்கிப் பார்த்தேன். மூடியில் ஒரு குமிழிகூட வரவில்லை. அக்கா மகளின் பிறந்தநாள் பலூன் ஞாபகம் வந்தது. முடிச்சு அவிழாமலே மறுநாள் சுருங்கித் தொங்குமே, அது. பாட்டிலின் உடம்பு வழியாகவே கேஸ் போனால்?

பக்கத்து ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிடம் இரண்டு பிரஷர் மீட்டர் இரவல் வாங்கி, மூடிகளில் பொருத்தினேன். ஒன்று மெல்லிய பாட்டில், ஒன்று தடித்தது. மூடியும் ஒரே ரகம், மூடிய கையும் ஒன்று.

முதல் நாளே மானம் போனது. மதியம் பார்த்தால் முள் ஏறியிருந்தது. "அக்கா சோடாவுல கேஸ் குட்டி போடுதுடோய்!" என்று காசி ஆடினான். ஜன்னல் வெயில் பட்ட சூடு அது. பிறகு பாட்டில்களைத் தொட்டிக்கு அடியில் நிழலில் வைத்தேன். காலையில் தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கும்போது மட்டும் பார்த்து, முள் நின்ற அளவைச் சுவரில் சாக்பீஸால் புள்ளியாக வைத்தேன்.

தடித்த பாட்டிலின் புள்ளிகள் மெல்ல இறங்கின. மெல்லியதன் புள்ளிகள் சரிந்தன. ஆனால் கேஸ் குறையக் குறைய இறக்கமும் குறைந்தது. அதனால் புள்ளிகளைச் சேர்த்த கோட்டை நேராக விடாமல் லேசாக வளைத்து, வரப்போகும் நாட்களுக்கும் நீட்டினேன்.

"அமாவாசைக்குள்ள மெல்லிசு பாட்டில்ல சீறல் நின்னுடும் அண்ணாச்சி. தடிசு அப்பவும் சீறும்" என்றேன்.

"தப்பாப் போச்சுன்னா?"

"நானே அலசப் போறேன்."

சோதனை தொடங்கிய நாளிலேயே மூடி வைத்திருந்த பாட்டில்களை அமாவாசையன்று நடுவில் வைத்தோம். காசி மெல்லியதைத் திறந்தான். முனகல்கூட இல்லை. அடுத்ததும் அப்படியே. தடித்ததை அண்ணாச்சியே திருகினார். சீறிய சீறலில் சோடா அவர் வெள்ளைச் சட்டையை நனைத்தது. ஈரத்தோடு நின்று சிரித்தார். "மூடிய யாரும் தொடப்படாது, அவ போடுவா!"

மறுவாரமே தடித்த பாட்டில் வந்தது. காசி கடை கடையாகக் கதையைப் பரப்பியதில் தி.நகரில்கூட "அந்த அக்கா மூடினதா?" என்று கேட்டு வாங்கினார்கள்.

இன்று கம்பெனி இருந்த இடத்தில் அடுக்கு வீடுகள். சோடா எங்கிருந்தோ லாரியில் வருகிறது. யார் மூடியது என்று எந்தக் கடையிலும் யாரும் கேட்பதில்லை.