நாக்குக்கு ஒரு பேட்டரி

அஸ்கர் அலியின் விசிலுக்கு மட்டும்தான் யேசுதாஸ் கிரேனை நகர்த்துவார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த எங்கள் ரோலிங் மில்லில் அது எழுதாத சட்டம். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் தூக்கு, மூன்று என்றால் இறக்கு. கூரையை ஒட்டி, நாற்பதடி உயரத்தில் தண்டவாளத்தில் ஓடும் அந்தக் கூண்டிலிருந்து பார்த்தால் கீழே நிற்பவர்கள் வெறும் தொப்பிகள். மில் சத்தத்தில் பேச்சு கேட்காது.

நான் ஸ்டோரில் இருந்தேன். அங்கிருந்த ஜன்னலில் கிரேன் முழுசாகத் தெரியும். 2008 கடைசியில் அஸ்கர் புதிதாக ஒரு விசில் ஊத ஆரம்பித்தார். நீளமாக, ஒரே மூச்சில். கொக்கியில் சுமை இருக்காது, கிரேனும் நகராது. மேலே கூண்டிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து ஆடிவிட்டு உள்ளே போகும். முழித்திருக்கிறேன் என்று அர்த்தம். சில சமயம் மூன்று முறை ஊதிய பிறகுதான் அந்தக் கை வரும்.

யேசுதாஸுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக்காரர். அவருடைய அப்பா கடைசிவரை அடுத்தவர் கரும்புத் தோட்டத்தில் கூலி. "எங்க நைனா ஆயுசுல நாற்காலியில குந்துனதே இல்ல தம்பி" என்று ஒருமுறை சொன்னார். இவர் மில்லில் இரும்பு அள்ளச் சேர்ந்து, சாப்பாட்டு நேரத்தில் கூண்டில் ஏறி ஏறிப் பழகி, ஆறு வருடத்தில் ஆபரேட்டர் ஆனார். கூண்டில் இருந்த நாற்காலிக்கு அவர் மனைவி சாராள் பச்சைத் துணியில் உறை தைத்துக் கொடுத்திருந்தார். ஆயுதபூஜை அன்று எல்லோரும் இயந்திரங்களுக்குப் பொட்டு வைக்க, யேசுதாஸ் அந்த உறையை மட்டும் துவைத்து மாட்டுவார்.

அந்தத் தூக்கம் எப்போது தொடங்கியது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. கொடூரமாகக் குறட்டை விடுவார். திடீரென்று குறட்டை நிற்கும்; மூச்சும் நிற்கும். சாராள் எண்ணத் தொடங்குவார். இருபது, முப்பது. பிறகு தண்ணீரில் மூழ்கியவர் மேலே வருவதுபோல் விலுக்கென்று எழுந்து காற்றை இழுப்பார். மறுபடியும் குறட்டை. எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கின மாதிரியே இருக்காது. விழித்திருக்க வேண்டிய நேரத்தில் கண் தானாகச் சொருகும்.

2009 பிப்ரவரியில் ஒரு மத்தியானம், சூடு ஆறாத இரும்புக் கட்டு ஒன்று அஸ்கரின் தலைக்கு மேலே வந்து நின்றது. இரண்டு விசில் ஊதினார். மேலே ஏறவில்லை. நீள விசில் ஊதினார். கை வரவில்லை. அஸ்கர் விலகி ஓடவில்லை; ஓடினால் யேசுதாஸ் தூங்குவது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். அங்கேயே நின்று ஊதிக்கொண்டே இருந்தார். இரண்டு நிமிஷம் கழித்துக் கட்டு மெல்ல நகர்ந்தது. சாயங்காலம் டீக்கடையில் யேசுதாஸின் தோளில் கை போட்டுச் சொன்னார்:

"இன்னா ஏசு, என்ன மேல அனுப்பிட்டுத்தான் நீ தூங்குவியா? பழவேற்காட்ல என் பொண்டாட்டி மெஹர்னிசா மீன் கொழம்பு வெச்சினு காத்துக்கினு இருக்கா. அத்த யாரு துன்றது?"

யேசுதாஸ் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போறேன்டா" என்றார்.

இங்கிலீஷ் பேச ஆள் வேண்டும் என்று என்னையும் சென்னைக்குக் கூட்டிப்போனார். ஆனால் அந்த டாக்டரம்மா நல்ல தமிழில் பேசினார். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி அவரைத் தூங்கவைத்துச் சோதித்த காகிதம் டாக்டரின் மேஜையில் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு நாற்பத்தாறு தடவை மூச்சு நிற்கிறது. தூக்கத்தில் நாக்கு தளர்ந்து பின்னால் விழுந்து தொண்டையை அடைக்கிறது. மூக்கில் மூடி மாட்டி, காற்றை உள்ளே தள்ளும் ஒரு மெஷினைப் பதினைந்து நாள் வைத்துப் பார்க்கக் கொடுத்தார்கள்.

"கிரேன் ஓட்டறது ஆபத்து. கம்பெனிக்கு நான் எழுத மாட்டேன். ஆனா நீங்க சொல்லணும்" என்றார் டாக்டர்.

யேசுதாஸ் தரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

மெஷின் நல்ல மெஷின்தான். முதல் நாள் அவர் குறட்டையே விடாமல் மூன்று மணி நேரம் தூங்கினார் என்று சாராள் சொன்னார். ஆனால் அப்போது அவருக்கு ராத்திரி ஷிப்டு, பகலில்தான் தூங்க வேண்டும். அந்தக் கோடையில் பகலில் கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கரண்டு போனால் மெஷின் நிற்கும். மூக்கில் மாட்டிய மூடியோடு மூச்சு முட்டி, அதைப் பிய்த்து எறிந்துகொண்டு எழுவார். சாராள் இறால் கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஃபேன் நின்றதும் மூடியைக் கழற்ற வேண்டும். அதுதான் அவர் வேலை. "ஃபேனையே பாத்துக்கினு இருக்கேன் தம்பி. கழுத்து புடிச்சிக்கிச்சு" என்றார். ஒன்பதாம் நாள் ஃபேனைப் பார்த்தபடியே அவரும் தூங்கிவிட்டார். பத்தாம் நாள் யேசுதாஸ் என்னையும் கூட்டிக்கொண்டு மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டார்.

அன்றுதான் டாக்டர் அதைச் சொன்னார். ரொம்ப யோசித்துத்தான் சொன்னார். வெளிநாட்டில் ஒன்று சோதனையில் இருக்கிறது. கழுத்தடியில் உள்ள காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவு ஒரு கருவி. அதிலிருந்து ஒரு ஒயர் தாடைக்கு அடியில் நாக்கை அசைக்கும் நரம்புக்குப் போகும். ஒவ்வொரு மூச்சுக்கும் லேசாக ஒரு கரண்டு. நாக்கு முன்னால் நகரும், வழி திறக்கும்.

"கரண்டு போனா?" என்றார் யேசுதாஸ்.

"உள்ளயே பேட்டரி இருக்கும்."

அவர் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. டாக்டரும் பார்த்திருக்க வேண்டும். அவசரமாகச் சொன்னார்: "இங்க கிடையாது. அங்கயே கொஞ்சம் பேருக்குத்தான் வெச்சிருக்காங்க. எப்ப வரும்னு தெரியாது. வந்தாலும் எல்லாருக்கும் ஒத்துவராது."

"எந்த ஊர்ல டாக்டர்?"

"அமெரிக்கா, ஆஸ்திரேலியா. ஜெர்மனிலயும் பண்றாங்க."

ஜெர்மனி என்றதும் அவர் நிமிர்ந்தார்.

ஊருக்கு வந்ததும் பிரவுசிங் சென்டரில் தேடி ஒரு பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். படம் போட்டிருந்தது. தமிழில் எழுதித் தரச் சொன்னார். பின்பக்கத்தில் எழுதினேன். சொற்களுக்காக மெனக்கெட்டேன்; இரண்டு முறை அடித்து எழுதினேன். பகலில் கட்டுப்படுத்த முடியாத தூக்கம் வரும், இயந்திரம் இயக்குபவர்களுக்கும் அருகில் இருப்பவர்களுக்கும் உயிராபத்து என்ற வரியையும் விடவில்லை. விட்டிருக்கலாம்.

எங்கள் மில்லில் வெளிநாட்டுச் சாமான் எதுவானாலும் இண்டென்ட் போட்டால் வரும். நீலக் காகிதத்தில் பொருளின் பெயர், எண்ணிக்கை, எதற்காக என்று எழுதி, மேனேஜர் கையெழுத்துப் போட்டால் போதும். போன வருடம் யேசுதாஸின் கிரேனுக்கே பிரேக் காயில் என்ற கம்பிச்சுருள் ஜெர்மனியிலிருந்து மூன்று வாரத்தில் வந்தது. பெட்டியை நான்தான் பிரித்தேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்தார்.

நான் திருவள்ளூருக்கு ஒரு வேலையாகப் போயிருந்த நாளில், அவர் ஸ்டோரில் ஒரு நீலக் காகிதம் கேட்டு வாங்கியிருக்கிறார். மறுநாள் மேனேஜர் பரசுராமன் என்னைக் கூப்பிட்டார். யேசுதாஸ் அங்கே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி நின்றார். மேஜையில் இண்டென்ட். பெரிய எழுத்தில், தப்பில்லாமல்: நாக்குக்கு வைக்கும் பேட்டரி, ஒன்று. எதற்காக: கிரேன் ஆபரேட்டர். அதோடு நான் கொடுத்த காகிதம் குத்தியிருந்தது.

பரசுராமன் சிரித்துக்கொண்டிருந்தார். கெட்ட மனுஷன் இல்லை. "இன்னாய்யா, உன் நாக்குக்கு ஸ்பேர் பார்ட் கேக்கற? வாரண்டி இருக்குதா?"

"சம்பளத்துல புடிச்சிக்குங்க சார். அடுத்த பெட்டியோட சேத்துச் சொன்னீங்கன்னா போதும்."

"இதெல்லாம் யார்ரா உனக்குச் சொன்னது?" என்று சிரித்தபடியே அச்செடுத்த பக்கத்தைப் புரட்டினார். இங்கிலீஷை அவர் படிக்கவில்லை. பின்பக்கம் திருப்பினார். என் கையெழுத்து. படிக்கப் படிக்கச் சிரிப்பு குறைந்தது. கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"யேசுதாஸ், மேல தூங்கியிருக்கியா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். அஸ்கர் சொல்லியிருக்க மாட்டார். நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

"ஒரு தடவ சார்" என்றார். கையிலிருந்த தொப்பியைத் திருப்பி, "ரெண்டு மூணு தடவ."

அன்றிலிருந்து அவர் கூண்டில் ஏறவில்லை. உலைக்கு வெளியே உதிரும் இரும்புச் செதிலை வாரும் வேலை கொடுத்தார்கள். "கீழ தூங்குனா யாருக்கும் ஆபத்தில்ல" என்றார் பரசுராமன். அதை நான் சாராளிடம் சொல்லும்படி ஆயிற்று. அவர் கூண்டிலிருந்து வந்திருந்த பச்சை உறையை மடித்தார். பிறகு, "அவருக்கு ஆபத்தில்லியா?" என்று கேட்டார்.

கூண்டுக்கு சடையப்பன் என்று இருபத்தாறு வயதுக்காரர் வந்தார். முதல் வாரத்தில் அஸ்கர் பழக்கதோஷத்தில் நீள விசில் ஊதிவிட்டார். "இன்னாத்துக்குய்யா சும்மா ஊதற, பேஜாரா கீது" என்று மேலிருந்து சத்தம் வந்தது. செதில் வாரிக்கொண்டிருந்த யேசுதாஸின் வலது கை தோள் உயரத்துக்கு எழும்பியிருந்தது. அவர் அதை மெதுவாக இறக்கி மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

பரசுராமன் அந்த இண்டென்டில் எதுவும் எழுதவில்லை. யேசுதாஸின் ஃபைலில் வைத்துவிட்டார். அதுதான் தப்பாகப் போனது. "ரத்துன்னு எழுதலையே தம்பி" என்றார் யேசுதாஸ் என்னிடம். அது வராது என்று இரண்டு முறை விளக்கிச் சொன்னேன். தலையாட்டினார். ஆனாலும் வெளிநாட்டுப் பெட்டி எது வந்தாலும் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு ஸ்டோர் வாசலில் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். நான் ஆணியைப் பிடுங்கி, தெர்மாகோலை எடுக்கும்வரை பார்ப்பார். இல்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவரே திரும்பிவிடுவார்.

நவம்பரில், மழை பிடித்த வாரத்தில், ஜெர்மனியிலிருந்து ஒரு பெட்டி வந்தது. வழக்கம்போல் வந்து நின்றார். தெர்மாகோலை எடுத்தேன். பிரேக் காயில். அவருடைய பழைய கிரேனுக்கு. நிமிர்ந்தபோது அவர் கதவில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. மூச்சு நின்றிருந்தது. என்னை அறியாமல் எண்ணத் தொடங்கினேன். இருபத்து மூன்றில் தொண்டை கிழிய ஒரு சத்தத்தோடு விழித்தார்.

"காயிலா?" என்றார் பெட்டியைப் பார்த்து.

"ஆமாண்ணா."

"குடு, நானே கொண்டுபோறேன்." இரண்டு கையாலும் அணைத்து எடுத்துக்கொண்டு, மழையில் சட்டைக்குள் வைத்து மூடியபடி, கிரேன் ஏணிவரை போனார். அங்கே நின்று சடையப்பனைக் கூப்பிட்டார். அவர் இறங்கி வரும்வரை ஏணியைத் தொடாமல் தள்ளி நின்றுகொண்டிருந்தார்.