வாசலில் பெயரைப் பாடியவள்

லிங்கராஜபுரத்தில் ஒரு சின்ன மழலையர் பள்ளியில் ஒன்பது வருடமாக டீச்சராக இருந்தேன். அழுகிற பிள்ளையை அம்மாவின் இடுப்பிலிருந்து வாங்கி, கேட்டைச் சாத்திவிட்டால் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும் என்பது என் கணக்கு. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

அந்த ஜூனில் புதிதாக ஒரு டீச்சர் வந்தாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். ஒக்கலிபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். முதல் நாளே வாசலில் மண்டியிட்டு உட்கார்ந்து, உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாடினாள். "யாரு வந்தாங்க, யாரு வந்தாங்க?" கன்னடப் பிள்ளை என்றால் "யாரு பந்த்ரு?" பிறகு அந்தப் பிள்ளையின் பெயரை ராகமாக இழுப்பாள். "நான்தான்!" என்று பிள்ளை சொன்னதும், கொடியில் கிளிப் போட்டு மாட்டியிருக்கும் அட்டைகளில் தன் பெயர் எழுதியதை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போக வேண்டும். ஒரே மாதத்தில் எல்லாப் பிள்ளைகளும் தங்கள் அட்டையைத் தாங்களே கண்டுபிடித்தார்கள்.

என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தது. சேர்ந்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லை. நானும் கொஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். ஒரு காலை புது டீச்சர் பாடியதும் அந்தக் குழந்தை, "நான்தான்" என்றது. குழந்தையின் அம்மா அந்த டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் நான், அந்தக் குழந்தையின் டிபன் பையைப் பிடித்தபடி நின்றிருந்தேன். வயிறு எரிந்தது.

மத்தியானமே தலைமை ஆசிரியையிடம் போனேன். "காலையில ஒரே சத்தம், மேடம். மேல் வீட்டுக்காரங்க பேஜார் ஆகுறாங்க." மேல் வீட்டில் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மேடம் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

மூன்று நாள் வாசலில் மறுபடி அழுகை. நான்காம் நாள் அவள் என்னிடம், "அக்கா, நான் மேல போய் சாரி கேட்டுட்டு வரேன்" என்றாள். தடுக்க வார்த்தை வருவதற்குள் படியேறிவிட்டாள். மேலே இருந்த பெரியவரின் குரல் எனக்கே கேட்டது.

"நாங்க எப்பம்மா சொன்னோம்? ஏன் பாட்டு நின்னுபோச்சுன்னு என் சம்சாரம் கேட்டுட்டே இருக்கா."

இறங்கி வந்தவள் என்னை ஒரு முறை பார்த்தாள். மேடத்திடம், "மேல் வீட்டுல பரவாயில்லன்னுட்டாங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அக்கா, நாளையில இருந்து உங்க கிளாஸ் பசங்களுக்கு நீங்களே பாடுங்க."

"எனக்குப் பாட வராது."

"எனக்கு மட்டும் வருதா?"

மறுநாள் பாடினேன். குரல் உடைந்தது. அந்தப் பெண் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு, "மிஸ், மெதுவா" என்றது. அதுதான் என்னிடம் அது பேசிய முதல் வார்த்தை. ஆனால் அட்டையை எடுத்துக்கொண்டு அவளிடம்தான் காட்ட ஓடியது.

அடுத்த வருடம் அவளுக்குப் பெரிய பள்ளியில் வேலை கிடைத்தது. அந்தப் பொய்யைப் பற்றி நாங்கள் கடைசிவரை பேசிக்கொள்ளவில்லை. அவள் போவதில் எனக்கு வருத்தம் என்று எல்லோரிடமும் சொன்னேன். அதில் பாதிதான் உண்மை.