டங்கன் சார் ஊற்றாத நீலம்

டங்கன் சார் போய்விட்டார். காலையில் அவர் மனைவி ஷீனா போன் பண்ணிச் சொன்னார்... நேற்றே போய்விட்டாராம், தூக்கத்திலேயே.

அதிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன். எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன்.

நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சனிக்கிழமை அடக்கம், அதற்குள் இதைச் சொல்லியாக வேண்டும்.

நம்ம சர்ச் குரூப்பில் இதைப் படிக்கிற உங்களுக்கு அவரைத் தெரியாது. ஸ்காட்லாந்துக்காரர். சாக்கர் பிளேயர், நம்ம ஊர் ஃபுட்பால்தான். டிஃபெண்டர்... கோல் விழாமல் பின்னால் நின்று தடுக்கிறவர். எண்பதுகளில் ஹூஸ்டனில் ஒரு சின்ன கிளப்புக்கு ஆடினார். அந்த கிளப் லாண்ட்ரியில் நான் துணி துவைத்தேன்.

ஆயில் கம்பெனிகள் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம் அது. எங்க வீட்டுக்காரருக்கும் ஃபிட்டர் வேலை போய்விட்டது. என் வேலையில்தான் வீடு ஓடியது.

யார் எப்படி ஆடினார்கள் என்று மேட்ச் பார்க்காமலே எனக்குத் தெரியும். கோல் போடுகிறவர்கள் டவுசர் பாதி நாள் சுத்தமாகவே வரும். டங்கன் சார் டவுசரில் ஒரு பக்கம் முழுக்கப் புல் கறை, மண், சில நாள் ரத்தம். சறுக்கி விழுந்துதான் பந்தைப் பறிப்பார். அவர் துணியை ஊறவைக்க மட்டும் தனி வாளி வைத்திருந்தேன்.

மற்றவர்கள் என்னை "லாண்ட்ரி" என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு நான் மிஸஸ் ராஜ். அவர் பேசுகிற இங்கிலீஷ் டெக்சஸ்காரர்களுக்கே பாதி புரியாது. எனக்கும் பாதிதான் புரியும், அதனால் எங்களுக்குள் கஷ்டமே இல்லை.

பிறகு அவருக்கு முட்டி போய்விட்டது. ஆட முடியவில்லை. கிளப் அவரையே கோச் ஆக்கியது.

முதல் வாரம் அவர் பேன்ட்டை மெஷினில் போட எடுத்தேன். ஒரு பொட்டு அழுக்கு இல்லை. "பாத்தீங்களா மிஸஸ் ராஜ், நான் வேலையே செய்யல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்... ஆனால் முகம் ஒரு மாதிரி இருந்தது.

அவர் கோச்சாக நிற்கப் போகிற முதல் மேட்ச் வந்தது. டீம் ஜெர்சி வெள்ளை. துவைத்துத் துவைத்துப் பழுப்பேறிக் கிடந்தது. அவர் டீம் பளிச்சென்று இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நம்ம ஊரில் வெள்ளைத் துணியைக் கடைசியாக அலசும்போது நீலம் போடாமல் விடுவோமா? ஹில்கிராஃப்டில் இந்தியன் கடையில் சொட்டு நீலம் வாங்கி வந்தேன். வாளி என்றால் நாலு சொட்டு விட்டு, கலக்கி, துணியை முக்குவோம். இது பெரிய மெஷின், ஜெர்சியும் நிறைய... பாட்டிலில் பாதியை அப்படியே ஊற்றிவிட்டேன்.

திறந்து பார்த்தால் நெஞ்சில் ஒரு திட்டு, முதுகில் ஒரு திட்டு. மூணு தரம் திரும்ப ஓட்டினேன். திட்டு பரவியதுதான் மிச்சம். போதாததற்கு எதிர் டீம் ஜெர்சியும் நீலம், இதைப் போட்டுக்கொண்டு இறங்கவே முடியாது.

மேனேஜர் வந்தார். ஒன்றைத் தூக்கிப் பிடித்து, யார் செய்தது என்று கேட்டார். பின்னாலேயே வந்த டங்கன் சார் ஜெர்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான்தான். வெள்ளையாக்குறேன்னு எதையோ ஊத்திட்டேன். அவங்க அப்ப இங்க இல்ல" என்றார்.

அன்றைக்கு டீம் மஞ்சள் பிராக்டிஸ் சட்டையில் டேப்பால் நம்பர் ஒட்டிக்கொண்டு ஆடியது. தோற்றது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். முதல் நாளே அவருக்குக் கோமாளி கோச் என்று பேர்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று வீட்டில் சொன்னேன். எங்க வீட்டுக்காரர், "வாயத் தொறக்காத செல்வி. கோச்ச ஒண்ணும் பண்ண மாட்டாங்க. உன்னத்தான் தூக்குவாங்க" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டு நிலைமை அப்படி.

நானும் வாயைத் திறக்கவில்லை.

சீசன் முடிந்ததும் டங்கன் சாரைத் தூக்கிவிட்டார்கள்.

பூட்ஸை எடுத்துப்போக வந்தார். என்னால்தானே சார் என்று அழுதேன். "ஒம்போது மேட்ச் தோத்திருக்கேன் மிஸஸ் ராஜ். ஒம்போதுக்கும் நீங்களா நீலம் ஊத்துனீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் அவர் கேட்டி என்கிற ஊர்ப் பக்கம் ஸ்கூல் பெண் பிள்ளைகளுக்குக் கோச். கடைசி வரை அதே வேலைதான். கிறிஸ்துமஸுக்கு கார்டு வரும், நான் முறுக்கு சுட்டு அனுப்புவேன். அந்தப் பேச்சு மட்டும் எங்களுக்குள் திரும்ப வந்ததே இல்லை.

இன்றைக்கு ஷீனா சொல்கிறார்... சனிக்கிழமை அடக்கத்தில் அவரிடம் விளையாடிய பிள்ளைகள் பேசுகிறார்களாம். எல்லாரும் அந்த நீல ஜெர்சிக் கதையைத்தான் சொல்லப் போகிறார்களாம். ஒவ்வொரு புது டீமுக்கும் அவரே அதைச் சொல்லிச் சிரிக்க வைப்பாராம், துணி துவைக்கத் தெரியாத முட்டாள் நான் என்று. ஷீனாவிடமும் அப்படியேதான் சொல்லி வைத்திருக்கிறார்.

அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

மகளிடம் சொன்னேன். "இட்ஸ் எ ஃபன்னி ஸ்டோரி மாம். ஜஸ்ட் லீவ் இட்" என்றாள்.

எப்படி விடுவது? அவர் பெட்டியை வைத்துக்கொண்டு அவரையே முட்டாள் என்று சொல்லிச் சிரிப்பார்கள், நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கவா?

பதினோரு மணிக்கு ஷீனாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். ஐ டிட் இட், நாட் ஹிம்.

ஷீனா அதற்கு, "பிள்ளைங்க பேசி முடிச்சதும் நீ பேசு" என்றார். கோபமா இல்லையா என்று குரலில் தெரியவில்லை.

அதுதான் இங்கே முதலில் எழுதிவிட்டேன். அங்கே போய் நின்று வாய் வராமல் போனால்...

டங்கன் சார், சனிக்கிழமை உங்கள் பக்கத்தில் நின்றுதான் சொல்லப் போகிறேன். குறுக்கே பேசாமல் படுத்திருங்கள்.