இரிக்க இடமில்லை

தப்பு என்னுடையதுதான். அதனால்தான் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. பெண்களின் நிலைமை பற்றி அரசாங்கம் உலக நாடுகளின் குழுவுக்கு ஓர் அறிக்கை கொடுக்கும். அதில் எல்லாம் பளபளவென்று இருக்கும். விட்டுப்போனதைச் சொல்ல எங்களைப் போன்ற பெண்கள் சங்கங்கள் மாற்று அறிக்கை அனுப்பும். கடைத்தெருப் பெண்களிடம் கேட்டு எழுதும் வேலை எனக்கு.

எங்கள் ஊர் ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடை. களியக்காவிளையிலிருந்து எல்லை தாண்டி பஸ்ஸேறி வரும் ஒரு பெண் அங்கே நாள் முழுக்க நின்று சாமான் எடுத்துக் கொடுப்பாள். கால் நரம்பெல்லாம் புடைத்துச் சுருண்டிருந்தது. "இரிக்க இடமில்ல, கேட்டியளா. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். இரிக்க என்றால் உட்கார. எனக்குத் தெரியாதா? ஆனாலும் பக்கத்து வலியசாலை அக்கிரகாரத்தில் வளர்ந்த மேதாவி, அவள் பேச்சைத் திருத்தி "இருக்க இடமில்லை" என்று எழுதி அனுப்பினேன். சென்னையில் அதை ஆங்கிலமாக்கியவர் அவளை வீடில்லாதவள் ஆக்கிவிட்டார்.

வரைவைப் பார்த்ததும் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன்.

"வீடுன்னே இருக்கட்டுங்க. ஸ்டூல் வேணும்னு அங்க போய்ச் சொன்னா சிரிப்பாங்க" என்றார் ஃபோனில், சென்னையில் அறிக்கையைத் தொகுத்த அம்மாள்.

கோபம் தலைக்கேறிவிட்டது எனக்கு. அவள் கேட்டது ஸ்டூல்தான், அதையே சொல்லுங்கள் என்று பூத்துக்காரர் எட்டிப் பார்க்கும்படி கத்தினேன். அப்புறம் ஃபேக்ஸ், மறுபடி ஃபோன், வேறு ஊர்ச் சங்கங்களிடம் கெஞ்சல். அங்கேயும் கடைப்பெண்கள் நின்றே சாகிறார்கள் என்று எழுதி வந்தது. எல்லாம் அறிக்கையில் சேர்ந்தது. பல மாதம் கழித்து அந்தக் குழுவிடமிருந்து வந்த பரிந்துரைகளில் ஒரு வரி: கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு உட்கார வசதி வேண்டும். நாங்கள் கத்தாமல் அந்த வரி வந்திருக்காது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பெருமையாகக் கடைக்குப் போனேன். முதலாளி கைகூப்பினார். "மேடத்துக்கு ஒரு கசேர எடு" என்று அவளிடமே சொன்னார். அவள் உள்ளேயிருந்து நாற்காலியைத் தூக்கி வந்து துடைத்துப் போட்டாள். நானும் உட்கார்ந்து, அந்த வரியை இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். நினைத்தால் இப்போதும் என்னையே அறையத் தோன்றுகிறது.

"சர்க்கார் ஆர்டர் வரட்டும் மேடம், பாக்கலாம்" என்றார் முதலாளி.

நான் எழுந்ததும் அவள் நாற்காலியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, மறுபடி வந்து நின்றாள்.