அண்ணனின் C, என் D

கம்ப்யூட்டர் வாங்கிய அன்றே நைனா அதையும் நிலம் போலப் பிரித்துவிட்டார். C டிரைவ் அண்ணனுக்கு, D எனக்கு.

இன்று பள்ளிப்பட்டிலிருந்து வீடு திரும்பினால், கம்ப்யூட்டர் முன்னால் சர்வீஸ்காரர். D-யை அழிக்கட்டுமா என்று திரை கேட்டுக்கொண்டிருக்கிறது.

"C ரொம்பிப் போச்சுடா. D-ல கொஞ்சம் எடம் எடுத்துக் குடுக்கச் சொன்னேன்" என்றார் அண்ணன்.

"அதுக்கு D-ய அழிச்சிதாங்க ஆவணும்" என்றார் சர்வீஸ்காரர்.

"வரப்ப நவுத்தறதுக்குப் பயிர ஏன் அழிக்கணும்?" என்று அண்ணன் அவர்மேல் கோபப்பட்டார்.

என் மகளுக்கு மலைக்கோயிலில் மொட்டை அடித்த போட்டோ எல்லாம் அதில்தான். மவுஸைப் பிடுங்கிக்கொண்டேன். "என் பங்குல கை வெச்சா நடக்கறதே வேற." அண்ணனிடம் இதற்குமுன் நான் குரல் உயர்த்தியதில்லை.

சர்வீஸ்காரர் மெதுவாக மவுஸை வாங்கி D-யைத் திறந்தார். காலி.

திரையருகே குனிந்தேன். "அழிச்சிட்டீங்களா?"

"இன்னும் தொடவே இல்லீங்க. போட்டோவ எங்க வெச்சீங்க?"

"டெஸ்க்டாப்ல. நான் வெச்சா என் D-லதானே இருக்கும்?"

"டெஸ்க்டாப்ல யார் வெச்சாலும் C-லதாங்க போய் உக்காரும். C ரொம்பினதே அதாலதான்."

போட்டோக்கள் பத்திரம். இத்தனை நாளாய் அண்ணன் நிலத்தில் பயிர் வைத்தவன் நான்.

அண்ணன் மாடு கட்டப் போய்விட்டார். சாப்பாட்டுக்கு எதிரெதிரே உட்கார வேண்டும். என்ன பேச்சை எடுப்பது, யாராவது சொல்லுங்கள்.