பயத்தைப் படமாகப் போடச் சொன்னார்கள்

போன வாரம் ஏற்காட்டில், என் மகள் பிளஸ் டூ படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம். போனோமா, மார்க்கைப் பார்த்தோமா, டீ குடித்தோமா என்று வந்திருக்கலாம். விதி… டிராயிங் மாஸ்டர் ஆளுக்கொரு தாளும் கிரேயானும் நீட்டினார்.

"பிள்ளைங்கள நெனச்சா என்ன பயமுன்னு வாயில சொல்ல வேண்டாமுங்க. படமா போட்டுக் காட்டுங்க."

இந்த வயதில் கிரேயானா? எரிச்சல்தான் வந்தது. ஆனால் பயத்துக்கா பஞ்சம்? மகளுக்குச் சேலத்தில் காலேஜ் சேர வேண்டுமாம். தினமும் பஸ்ஸில் மலை இறங்கி ஏற வேண்டும். அப்ளிகேஷன் பத்து நாளாக என் கையெழுத்துக்காக மேஜை மேல் கிடக்கிறது.

பக்கத்தில் கரடியூர் காபித் தோட்டக்காரர் ஒரு டி.வி. பெட்டி வரைந்தார். அதிலிருந்து இரண்டு குட்டிக் கால்கள் மட்டும் வெளியே தொங்கின.

"எம் பையனுங்க. கேபிள் வந்ததுலருந்து இப்படித்தானுங்க," என்றார்.

நான் விட்டுக்கொடுப்பேனா? மலைப்பாதை, வளைவு, சாய்ந்த பஸ், படிக்கட்டில் தொங்கும் பையன்கள், அடிவாரத்தில் சினிமா போஸ்டர், எஸ்.டி.டி. பூத்… தாளில் இடமே போதவில்லை.

என் மனைவி இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டாள். ஒரு வாசல். அதை மறித்துக்கொண்டு மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் ஆள்.

"யாருங்க இது?" என்றார் மாஸ்டர்.

"எங்க ஊட்டுக்காரருங்க."

ஹாலே சிரித்தது. அவள் கையிலிருந்து பிடுங்கிக் கிழித்துப் போடலாமா என்றிருந்தது எனக்கு.

திரும்பி வரும் வழியில் மகளிடமே நியாயம் கேட்டேன். "நீயே சொல்லு கண்ணு, யாரு போட்டது சரி?"

இரண்டு படங்களையும் வாங்கிப் பார்த்தாள். "அம்மா படத்துல நீங்க இருக்கீங்க. உங்க படத்துல பஸ்ஸு, பசங்க, போஸ்டரு எல்லாம் இருக்குது… நான் எங்கீங்கப்பா?"

தேடினேன். நிஜமாகவே இல்லை. யாருக்காகப் பயந்தேனோ, அவளை மட்டும் போடாமல் விட்டிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

அன்று மாலையே கையெழுத்துப் போட்டேன். மகள் அப்ளிகேஷனை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்கு ஓடினாள். அதுவரை அவளுக்கு வக்கீலாக நின்ற மனைவி மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க… அந்த பஸ் டிரைவரு நிதானமா ஓட்டுவாருங்களா? மழைன்னா ரோடு நொம்ப வழுக்குமுங்களே."

அடக் கடவுளே… இத்தனை நாளும் இவள் பயத்தையும் சேர்த்து நான்தான் சுமந்துகொண்டிருந்தேனா?